வலது கார்டுக்காகப் பேசிய ஒரே ஆள்

நெப்ராஸ்கா,
நவம்பர், திங்கட்கிழமை.

அன்புள்ள ராய்ஸுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான், உன் அப்பா, நாய்கள் இரண்டு, எல்லோரும் சுகம். அங்கே நீயும் ஆட்ராவும் குட்டி டெஸ்ஸாவும் சுகமா என்று கேட்பதுதான் முறை, ஆனால் உன் சுகம் எப்படி இருக்கிறது என்பதை வானொலியில் ஊருக்கே அறிவித்துவிட்டு வந்தவள் அதைக் கேட்டால் நீயே சிரிப்பாய், சிரிக்கிற நிலைமையில் இருந்தால். ஆறு நாளாக நீ போனை எடுக்கவில்லை, அதனால்தான் தாளும் பேனாவும். மற்றதெல்லாம் பிறகு, முதலில் வெட்கத்தை விட்டு ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். உங்கள் ஊர் விளையாட்டு வானொலிக்கு நாலு வருஷமாக வாரம் தவறாமல் 'பாலத்துக்குப் பக்கத்திலிருந்து ஹார்லன்' என்று ஒரு ஆள் போன் பண்ணி, வேறு எதையும் பேசாமல், முன்வரிசையில் நின்று எதிராளியை மறிக்கிற உன் இடம், அந்த வலது கார்டைப் பற்றியே பேசுவாரே, உடை மாற்றுகிற அறையில் நீங்கள் எல்லாம் அவர் மாதிரி பேசிக்காட்டிச் சிரிப்பீர்கள் என்று நீயே சொன்னாயே, அந்த ஹார்லன் நான்தான். போன வாரம் மட்டும் இல்லை. நாலு வருஷமும்.

இது எப்படி ஆரம்பித்தது என்று கேட்டால், நீ அந்த ஃபுட்பால் அணியில் நிலையாக இடம் பிடித்த முதல் வருஷம், உங்கள் ஊர்க்காரர்கள் உன்னைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று கேட்க ஆசைப்பட்டேன். மூன்று மணிக்குப் பள்ளிக்கூட மணி அடிக்கிற வரைக்கும் பேருந்தை நிறுத்திவிட்டுச் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறேன், போனில் அந்த வானொலியைப் போட்டுக் கேட்டேன். மூன்று வாரம் கேட்டேன். பந்தை எறிகிற அந்த அழகனைப் பற்றிப் பேசினார்கள், பிடிக்கிறவனைப் பற்றிப் பேசினார்கள், எறிகிறவன் எந்தப் பெண்ணோடு சாப்பிடப் போனான் என்று பேசினார்கள். உன் பெயரை ஒருத்தரும் சொல்லவில்லை. நாலாவது வாரம் ஒருவன் 'வலது பக்கம் ஒரே ஓட்டை' என்றான். வலது பக்கம் என்றால் நீதானே, எனக்குப் பொறுக்கவில்லை, எண்ணை அழுத்திவிட்டேன். போனை எடுத்த பெண், பேரு சொல்லுங்க சார் என்றாள். இருபத்திரண்டு வருஷம் பேருந்தில் பிள்ளைகளை அதட்டி அதட்டி என் தொண்டை என்ன கதியாகியிருக்கிறது என்று உனக்குத் தெரியும், தேவாலயத்தில் பாடும்போது என்னை ஆண்கள் வரிசைக்குப் பின்னால்தான் நிறுத்துகிறார்கள். 'சார்' என்றதும் திருத்தலாம் என்று வாயைத் திறந்தேன், எதிரே பேருந்துக்கு ஆயில் மாற்றுகிற ஹார்லன் குனிந்துகொண்டு நின்றார், அவர் பெயர் வாயில் வந்துவிட்டது. நிகழ்ச்சி நடத்துகிற சால் என்னைப் பேசவிட்டுக் கடைசியில், அண்ணே, இந்த ஊர்ல கார்டைப் பத்திப் பேசணும்னு போன் பண்ண மொத ஆளு நீங்கதான், அடுத்த வாரமும் வாங்க என்றார். கூப்பிட்டால் போகிற ஆள்தானே நான்.

ஹார்லனாக இருப்பது சுலபம் என்று நினைக்காதே. உங்கள் ஊரில் மழையா வெயிலா என்று பார்த்துக்கொண்டு பேச வேண்டும், பாலத்தில் போக்குவரத்து நெரிசல் என்று நடுவில் அலுத்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை சால், வீட்ல அண்ணி எப்படி இருக்காங்க என்று கேட்டார். அதை ஏன் கேக்குறீங்க தம்பி, ஒரே ராட்சசி என்றேன். உன் அப்பாவை அப்படிச் சொன்னதற்கு அன்று ராத்திரி அவருக்குப் பிடித்த முட்டைக்கோஸும் மாவு உருண்டையும் செய்து போட்டேன், எதற்கு என்று அவர் கேட்கவில்லை, என்றைக்குத்தான் கேட்டார்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், வலது கார்டைப் பற்றி என்னை விட அதிகம் தெரிந்தவர் உலகத்தில் யாரும் இல்லை. உன் ஆட்டத்தில் பந்து எங்கே போகிறது என்று நான் இதுவரை பார்த்ததில்லை. யார் ஜெயித்தது என்று உன் அப்பாவைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்வேன். எல்லோரும் பந்தோடு போய்விடுவார்கள், படம் பிடிக்கிறவனும் போய்விடுவான், திரையின் ஓரத்தில் மலை மாதிரி ஒரு குவியல் கிடக்கும், அதற்கு அடியில் எங்கேயோ என் அறுபத்தாறாம் நம்பர்ச் சட்டை கிடக்கும். நீ எழுந்திருக்கிற வரைக்கும் நான் எண்ணுவேன். நாலு எண்ணுவதற்குள் எழுந்துவிடுவாய், ஒன்பது வருஷமாக அந்தக் கணக்குத்தான். இந்த செப்டம்பரிலிருந்து ஏழு ஆகிறது, எட்டு ஆகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினொன்று எண்ணினேன். உன் அப்பா, என்ன முணுமுணுக்கற என்றார். சோளம் எத்தன மூட்டைன்னு பாக்கறேன் என்றேன். அறுவடை முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

அப்புறம் அக்டோபர் கடைசியில், உங்களுக்கு ஆட்டம் இல்லாத வாரம், மூன்று பேரும் வந்தீர்கள். அன்று காலையில் நடந்ததை உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஆனால் எழுதாமல் இருக்க முடியவில்லை. அடுப்புக்குள்ளிருந்து வார்ப்பிரும்புச் சட்டியை எடுத்து வைத்துவிட்டு நான் முட்டைக்குத் திரும்பினேன். நீ உன்னோடு ஆடுகிற ஒமாரி செய்த ஏதோ குறும்பைச் சொல்லிக்கொண்டே அதைத் தூக்கி மேசைக்குக் கொண்டு போனாய், பிடியை இடது கைத் துணியால் பிடித்து, சட்டிக்கு அடியில் வலது கையின் கடைசி இரண்டு விரலை வெறுமனே முட்டுக்கொடுத்து. கொண்டு போய் வைக்கவும் இல்லை, கையில் வைத்துக்கொண்டே கதையை முடித்தாய். கதை வேடிக்கைதான், நான் சிரித்தேன். பிறகு வாடை வந்தது. பன்றி இறைச்சி கருகுகிறது என்று அடுப்பைப் பார்த்தேன், அடுப்பில் அது இல்லை. நீ கீழே உன் கையைப் பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்தாய். உன் முகத்தில் வலி இல்லை ராய்ஸ், அதுதான் என்னால் தாங்க முடியாதது. பத்து வயதில் ஜன்னலை உடைத்துவிட்டு நிற்பாயே, அந்த முகம். ரெண்டு விரல்தாம்மா என்றாய். செப்டம்பர்ல கழுத்துல கரண்ட் அடிச்ச மாதிரி இருந்துச்சு, அதுலேர்ந்து ரெண்டு விரல் மரத்துக் கிடக்கு, அவ்வளவுதான் என்றாய். டாக்டரிடம் சொன்னாயா என்றேன். சொன்னா அன்னிக்கே உக்கார வச்சிருவாங்க, முப்பத்திரண்டு வயசு கார்டை உக்கார வச்சா அப்புறம் எழுப்ப மாட்டாங்க, இன்னும் ஒம்பது ஆட்டந்தாம்மா, யார்கிட்டயும் மூச்சு விடாத, அப்பாகிட்ட வேண்டாம், ஆட்ராகிட்ட வேண்டவே வேண்டாம் என்றாய். கைக்கு வெண்ணெய் தடவாமல் தண்ணீரில் காட்டு என்று மட்டும் சொன்னேன். சத்தியம் என்று ஒன்று நான் பண்ணவில்லை, ஆனால் தலையை ஆட்டினேன், அதுவும் சத்தியம்தான்.

ரகசியத்தை வைத்துக்கொள்கிற ஆளா நான். என் தோழி மர்லிஸுக்கு வைத்திருக்கிற பல்செட் வரைக்கும் ஊருக்குத் தெரிந்தது என்னால்தான். ஆனால் உன் ரகசியத்தை இரண்டு வாரத்துக்கு மேல் வைத்திருந்தேன். தேவாலயத்துச் சமையலறையில் கோலாச்சி ரொட்டிக்குக் கசகசா பூரணம் வைத்துக்கொண்டிருந்தபோது மர்லிஸ், ராய்ஸ் எப்படிடி இருக்கான், டிவில பாத்தா களைச்ச மாதிரி தெரியறானே என்றாள். பதில் சொல்லாமல் ஒரு கோலாச்சியை முழுசாக வாயில் போட்டுக்கொண்டேன். அவள் மறுபடி கேட்டாள், இன்னொன்றையும் போட்டுக்கொண்டேன். ஐந்து தின்றேன். உனக்காக நான் பட்ட பாட்டில் அதையும் சேர்த்துக்கொள்.

இனி போன செவ்வாய்க்கிழமை. பேருந்தைப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் நிறுத்திவிட்டு வானொலியைப் போட்டேன். விக் என்று ஒருவன் பேசினான், தெற்குப் பக்கத்துக்காரன், மூக்கில் சளி, பேசும்போதே எதையோ மெல்லுகிற சத்தம். அந்த வலது கார்டு ஹவெல்கா இருக்கானே, கைய வைக்கிறான், ஆனா பிடிக்க மாட்டேங்கறான், எதிராளி அவன் மேல ஏறிப் போறான், ஒம்பது வருஷம் தின்னு கொழுத்து சோம்பேறி ஆயிட்டான், சீசன் முடியற வரைக்கும் காத்திருக்காம இப்பவே வீட்டுக்கு அனுப்புங்க என்றான். எனக்குக் கோபம் கண்ணை மறைத்துவிட்டது. போனைப் போட்டேன். சால் வழக்கம்போல, வாங்க ஹார்லன் அண்ணே, ஒரு வாரமா தூக்கம் இல்லாமத் தவிச்சிருப்பீங்களே என்றார். நான் குசலம் விசாரிக்கவில்லை. அவன் சோம்பேறி இல்லய்யா, அவனுக்கு வலது கையில ரெண்டு விரல் செத்துக் கிடக்கு, செப்டம்பர்லேர்ந்து கழுத்து நரம்பு போச்சு, பழுக்கக் காஞ்ச சட்டியப் பிடிச்சிக்கிட்டு நின்னான், சதை கருகினது கூட அவனுக்குத் தெரியல என்றேன். அண்ணே, இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்றார். எப்படித் தெரியுமா, என் சமையக்கட்டுலதான பிடிச்சான் என்றேன். உங்க சமையக்கட்டுலயா, சார் நீங்க யாரு என்றார். நான் அவனப் பெத்தவய்யா என்றேன். சார்? என்றார்.

அந்தத் துண்டுதான் இப்போது நாடு முழுக்க ஓடுகிறதாம், சட்டியில் ஆரம்பித்து 'சார்?' என்பதில் முடிகிற துண்டு. மணி அடித்துப் பிள்ளைகள் பேருந்தில் ஏறுவதற்குள் அது அவர்களின் போனுக்கு வந்துவிட்டது. ஒவ்வொருவராக ஏறி, வணக்கம் ஹார்லன் சார், வணக்கம் ஹார்லன் சார் என்று வரிசையாகச் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார்கள். மர்லிஸ் சாயங்காலமே வந்துவிட்டாள். உனக்கு ஆம்பளக் குரல்னு ஊருக்கே தெரியும், ஆம்பளயாவே ஆயிட்டியேடி என்றாள். சிரித்துக்கொண்டே வந்தவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு, கொண்டு வந்த சூப்பை அடுப்பில் வைத்துவிட்டுப் பேசாமல் போய்விட்டாள். மர்லிஸ் பேசாமல் போனால் நிலைமை எவ்வளவு மோசம் என்று பார்த்துக்கொள்.

அன்று சாயங்காலமே அணிக்காரர்கள் உன்னைக் கூப்பிட்டுக் கழுத்தைப் படம் எடுத்ததையும், கவசத்தை வாங்கி வைத்துக்கொண்டதையும், வரும் வெள்ளிக்கிழமை முதுகெலும்பு நிபுணரைப் பார்க்க நாள் குறித்திருப்பதையும் ஆட்ராதான் போனில் சொன்னாள். அழுதாள். என் மேல் கோபமா என்றேன். எனக்குத் தெரியல அத்தை, என்கிட்ட சொல்லாம வானொலில சொல்லிருக்கீங்க என்றாள். இன்னொன்றும் சொன்னாள். உனக்காகப் பேரம் பேசுகிற அந்த ஏஜென்ட் டெக்ஸஸில் வேறு ஒரு டாக்டரைப் பிடித்திருக்கிறானாம், அவர் பார்த்தால் விளையாடலாம் என்று கையெழுத்துப் போட்டுவிடுவாராம், நீ வெள்ளிக்கிழமையை விட்டுவிட்டு அங்கே போக யோசிக்கிறாயாம். ராய்ஸ், இந்தக் கடிதமே அதற்காகத்தான். பார்ப்பதற்கு முன்னாலேயே என்ன சொல்வார் என்று தெரிகிற டாக்டர் எதற்கு, அதற்கு என் பேருந்துக்கு ஆயில் மாற்றுகிறவரே போதும். இன்னொரு அடி அதே இடத்தில் விழுந்தால் இரண்டு விரலோடு நிற்காது என்று உங்கள் அணி டாக்டர் சொன்னாராம். கழுத்துக்குக் கீழே எதுவும் இல்லாமல் போகலாம் என்றாராம்.

நேற்று ராத்திரி ஒமாரி போன் பண்ணினான். உன் பக்கத்தில் நின்று நாலு வருஷமாகப் பந்தை எடுத்துக் கொடுக்கிறவன், அவன் திட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று எடுத்தேன். அம்மா, நாங்க அஞ்சு பேரு முன்னால நிக்கறோம், அஞ்சு பேருக்குள்ள இருக்கறது வெளிய போகாது, எங்க வேலையே அதுதான், நீங்க அத ஒடச்சிட்டீங்க, எல்லாருக்கும் உங்க மேல கோவம் என்றான். சரிப்பா என்றேன். பிறகு, ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அவன் விரலுக்குப் பட்டை சுத்தி விடறது நான்தாம்மா, தொங்காம இருக்கட்டும்னு ரெண்டையும் சேத்துக் கட்டுவேன், எல்லாரும் விரல்ல பட்டை சுத்தறோம், யாருக்கும் வித்தியாசம் தெரியாது, இந்த ஞாயிறு சுத்த வேண்டியிருக்கல, ரெண்டு மாசத்துல மொத தடவையா ஆட்டத்துக்கு முன்னால சாப்பாடு எறங்குச்சு என்றான். அவனிடம் நீ கோபித்துக்கொள்ளாதே. இதை நான் உன்னிடம் சொல்லக்கூடாது என்று சொல்லியிருந்தான், அதையும் சொல்லிவிட்டேன் பார்.

உன் அப்பா மூன்று நாள் பேசவில்லை. அவர் பேசாமல் இருப்பதற்கும் சாதாரணமாக இருப்பதற்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முப்பத்தைந்து வருஷப் பழக்கம் வேண்டும். வெள்ளிக்கிழமை காலை காபியை வைத்துவிட்டு, எந்தக் கை என்றார். வலது என்றேன். கிளம்பறப்ப கைகுலுக்க எனக்கு இடது கையக் குடுத்தான், என் வலது கையில கப் இருக்குன்னு குடுக்கறான்னு நெனச்சேன் என்றார். அதோடு எழுந்து களஞ்சியத்துக்குப் போய்விட்டார்.

எனக்கு மட்டும் எல்லாம் தெளிவு என்று நினைக்காதே. உனக்குப் பத்து வயதில் சின்னப் பிள்ளைகள் அணிக்கு எடை பார்த்தார்களே, உன் அப்பா உனக்கு இரண்டு ஸ்வெட்டர் போட்டு வயலைச் சுற்றி ஓடவிட்டும் இரண்டு பவுண்டு கூட இருந்தாய். எடை மீறின பிள்ளைகளின் ஹெல்மெட்டில் ஒரு பட்டை ஒட்டுவார்கள், பட்டை ஒட்டினவன் பந்தைத் தொடக்கூடாது. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அழுதாய். முதல் நாள் ராத்திரி உனக்கு மூன்றாவது தட்டு மாவு உருண்டை வைத்தவள் நான், அதைச் சொல்லாமல், பந்தத் தொடாதவனுக்குத்தாண்டா பெரிய வேலை, மத்தவன் விழாமப் பாத்துக்கறது அவன்தான் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அன்று உன் அழுகையை நிறுத்தச் சொன்ன பொய்யை நீ தொழிலாக்கிக்கொண்டாய். மூன்று அணிகள் உன்னை வேண்டாம் என்றபோதும், ஒவ்வொரு தடவையும் காலையில் யாரோ ஒருவன் கதவைத் தட்டிப் பெட்டியைக் கட்டச் சொன்னபோதும், இங்கே வந்து இரண்டு நாள் தூங்கி, நான் போட்டதையெல்லாம் தின்று, மறுபடி போனாய். உன் உடம்பில் இருக்கிற ஒவ்வொரு பவுண்டும் என் அடுப்பிலிருந்து போனது. உன்னைத் தின்ன வைத்து அந்தக் குவியலுக்கு அடியில் அனுப்பியதே நான்தானோ என்று இந்த ஆறு நாளாகப் பேருந்தை ஓட்டும்போதெல்லாம் யோசிக்கிறேன். இன்று காலை ஒரு நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை.

இன்னொன்று, இதை உனக்குச் சொல்லவேண்டுமா என்று இரண்டு தாளைக் கிழித்தேன். நீங்கள் வந்திருந்தபோது டெஸ்ஸா உன் கையைப் பிடித்துக்கொண்டு கன்றுக்குட்டி பார்க்கப் போனாள். அவள் பிடித்திருந்தது அந்த இரண்டு விரலை. நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். களஞ்சியத்துக்குப் போய்ச் சேருவதற்குள் நீ நாலு தடவை குனிந்து பார்த்தாய், பிள்ளை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று.

பகல் சாப்பாட்டைக் குறை, இனி மூன்று பேர் சாப்பாடு உனக்குத் தேவையில்லை, இதைச் சொல்கிற நாள் வரும் என்று நான் நினைத்ததில்லை. காயத்தில் மருந்து போடு. ஆட்ராவிடம் உட்கார்ந்து பேசு, நீ பேசாமல் இருப்பதில் உன் அப்பாவைக் கொண்டிருக்கிறாய், அந்தப் பெண்ணுக்கு முப்பத்தைந்து வருஷப் பழக்கம் இல்லை. என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை, எத்தனை மாதம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள். வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு மட்டும் அந்த நிபுணர் முன்னால் போய் உட்கார். கடவுளும் மாதாவும் உன்னையும் உன் வீட்டையும் காப்பாற்றட்டும். டெஸ்ஸாவுக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம்.

என்றும் உன்னையே பார்த்துக்கொண்டிருக்கிற
அம்மா,
ரோண்டா ஹவெல்கா.

பின்குறிப்பு: அந்தச் செவ்வாய்க்கிழமை நிகழ்ச்சியை ஆரம்பத்திலிருந்து முழுசாகக் கேட்கப்போவதாக ஆட்ரா சொன்னாள். அவள் சொல்லி நீ தெரிந்துகொள்வதற்கு முன்னால் நானே எழுதிவிடுகிறேன். நிகழ்ச்சி இரண்டு மணிக்குத் தொடங்குகிறது, நான் ஒன்று ஐம்பதுக்கே போன் பண்ணிக் காத்திருந்தேன். அன்றைக்கு முதல் அழைப்பு என்னுடையது. எனக்கு முன்னால் விக் என்று யாரும் பேசவில்லை.